பட்டாணி சூப்பில் உப்பு இல்லை

மொத்தம் ஏழு அடி. நாலாவது அடியிலேயே ஆள் முடிந்துவிட்டார், மிச்சம் மூன்றும் வெறும் கோபத்துக்கு என்று கப்பல் டாக்டர் எழுதியிருந்தார். அடித்தது ஒரு இரும்புக் குழாய். கப்பலில் கனமான கதவுப் பிடிகளை நெம்பி இறுக்குவதற்காக மூலைக்கு ஒன்று மாட்டி வைத்திருப்பார்கள். அடி வாங்கியவர் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. நேரில் 'ரெண்டாமவர்', முதுகுக்குப் பின்னால் 'இடி'. வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும் ரகம். சமையல்கட்டுக்கு நேர் கீழே இருந்த மளிகை ஸ்டோரில், ஏணியடியில் கிடந்தார். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

"பன்னெண்டு மணிக்குக் கரையிலிருந்து படகு வருது மேடம். கொலைகாரனை அதுல ஏத்தி அனுப்பிடுவோம். நீங்க இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் கேப்டன்.

"கையெழுத்துப் போடறதுக்கு என் ஆபீஸ்லயே மேஜை இருக்கே சார். எதுக்கு ரெண்டு மணி நேரம் குலுங்கிக்கிட்டு வந்தேன்?" என்றாள் மேடம்.

மேடம் கடற்படைச் சட்டப் பிரிவின் விசாரணை அதிகாரி. மனுஷிக்கு எதிரே கொலைகாரன் கத்தியோடு நின்றாலும் கண் இமைக்காது. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் லேசாக அசைந்தால் போதும், குடல் வெளியே வந்துவிடும். அன்று காலையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் ஒட்டவைத்தபடியே நடந்துகொண்டிருந்தாள். நான் அவளுடைய உதவியாளன். எனக்கு வயிற்றுப் பிரச்னையெல்லாம் கிடையாது. ஆபீஸில் என் பெயரே 'கேரியர்'. எந்த ஊருக்கு விசாரணைக்குப் போனாலும் சாப்பாடு எங்கே என்று முதலில் விசாரிப்பேன் என்பதால் மேடம் வைத்த பெயர்.

மணி பத்து. இரண்டு மணி நேரம் இருந்தது. மேலதிகாரியைக் கொன்றவனுக்கு அந்தக் கடற்படையில் ஒரே தண்டனைதான், அதற்குக் கயிறு வேண்டும்.

*

கைதி வைக்கப்பட்டிருந்த அறையில் நின்றால் தலை இடிக்கும், உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இருபத்து மூன்று வயதுப் பையன். கப்பலின் ஆகக் கடைசி அதிகாரி; எல்லோரும் 'சின்னவர்' என்று கூப்பிட்டார்கள். ஒரு கண் மூடிக் கிடந்தது. கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. வெள்ளை யூனிபார்மில் நேற்றைய ரத்தமும் இன்றைய ரத்தமும் தனித்தனி நிறத்தில் இருந்தன.

"யார் அடிச்சது?" என்றாள் மேடம்.

"விழுந்துட்டேன் மேடம்."

"எத்தனை பேர் மேல விழுந்தே?"

பையன் சிரிக்கப் பார்த்தான். உதடு விடவில்லை. கைவிலங்கு போட்டவனை அடிக்கிறவன் என்ன ஆம்பிளை என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. வாசலில் ஒரு காவல்காரன் மட்டும் நின்றான், முப்பது வயதிருக்கும். இடது காதில் பஞ்சு. அவன் அடித்தவனாகத் தெரியவில்லை. கைதியின் பக்கத்தில் தண்ணீர்க் குவளையும் மடித்த ஈரத்துணியும் இருந்தன. அதை வேறு யார் வைத்திருக்க முடியும்?

"நேத்து என்ன நடந்தது? காலையில இருந்து சொல்லு."

"நாலு மணிக்கு மேல்தளத்துல டியூட்டி. எட்டு மணிக்குக் கொடி ஏத்தணும், அதுக்கு வெள்ளை யூனிபார்ம் அயர்ன் பண்ணணும். ஒன்பது மணிக்கு ஆளுங்களோட படுக்கை, பெட்டி, கக்கூஸ் எல்லாம் போய்ப் பார்க்கணும். பத்து மணிக்குத் துப்பாக்கி அறைச் சாவி எண்ணணும். பதினோரு மணிக்கு டிரில். பதினொன்னரைக்கு ஆளுங்க சாப்பாட்டை ருசி பார்க்கணும். அப்புறம் ஸ்டோர்ல குளிர்ப்பெட்டி எவ்வளவு குளிர்ல இருக்குன்னு பார்த்து எழுதணும். அதுக்காகக் கீழே இறங்கினேன். அவர் கிடந்தார். உயிர் இருக்குமோன்னு தூக்கிப் பார்த்தேன். அப்பதான் ஆளுங்க வந்தாங்க."

"மணி?"

"பதினொன்னேமுக்கால் மேடம்."

"ருசி பார்த்ததுக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு. ஆனா நீ வரவே இல்லைன்னு சமையல்காரர் சொல்றாரு. காலையிலயே போட்ட கையெழுத்தாம்."

அவன் தலை குனிந்தது. "கையெழுத்து காலையில போட்டதுதான். தினம் பதினேழு ரிஜிஸ்டர் மேடம். எல்லா ஜூனியரும் காலையிலயே 'உணவு நன்று'ன்னு எழுதி முடிச்சிடுவோம். ஆனா ருசி பார்க்கப் போனேன். சத்தியமா போனேன்."

வெள்ளிக்கிழமை வரைக்கும் திங்கட்கிழமையே வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிறவன் நான். பையனை எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது.

"என்ன சாப்பிட்டே?"

"பட்டாணி சூப். அடிபிடிச்சிருந்தது. உப்பு சுத்தமா இல்ல. சமையல்காரர் அண்டா கையெடுத்துக் கும்பிட்டார். 'ரெண்டாமவருக்குத் தெரிஞ்சா கொதிக்கிற பானையில என் கையை முக்கிடுவார்'னார். கொட்டிட்டு வேற ஏதாவது போடுங்க, நான் எதுவும் எழுதலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் மேடத்தைப் பார்த்தேன். கேப்டன் முதல் கடைசி மாலுமி வரை அத்தனை பேரும் நேற்று மதியம் குடித்தது தக்காளி சூப். பட்டாணி என்ற பேச்சே அந்தக் கப்பலில் இல்லை.

"நேத்துக் காலையில பத்து மணிக்கு அறுபது பேர் பார்க்க ரெண்டாமவர் உன்னை அறைஞ்சார். அந்தக் கோபத்துலதான் கொன்னேன்னு கேப்டன் சொல்றார். எதுக்கு அறைஞ்சார்?"

"அது இன்னொருத்தர் விஷயம் மேடம். அவரைக் கேட்காம சொல்ல மாட்டேன்."

"தூக்குல போடுவாங்க, தெரியுமா?"

"தெரியும்."

வாசல் காவல்காரனுக்கு இது எதுவும் விழவில்லை. பஞ்சு வைத்த காதுதான் எங்கள் பக்கம் இருந்தது.

*

தலைமைச் சமையல்காரரை அண்டா என்று கூப்பிட்டதில் எந்த அநியாயமும் இல்லை. உருவம் அப்படி. முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். அடுப்பில் ஆளை உட்காரவைத்துக் குளிப்பாட்டும் அளவுக்கு ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. வாசனையில் எனக்கு நாக்கு ஊறியது. மேடம் எலுமிச்சம்பழத்தைக் கடித்தேவிட்டாள்.

"பட்டாணி சூப்பா? நல்ல கதை!" அண்டா சுவரைக் காட்டினார். அங்கே வாரம் முழுவதுக்குமான சாப்பாட்டு அட்டவணை ஒட்டியிருந்தது. நேற்றைய கட்டத்தில் பட்டாணி சூப் என்றுதான் இருந்தது. "பட்டாணியில வண்டு மேடம். காலையிலயே தக்காளின்னு மாத்திட்டேன். இந்தத் தம்பி அட்டவணையைப் படிச்சிட்டு உங்ககிட்ட அளக்குது. நேர்ல வந்திருந்தா தக்காளின்னு தெரிஞ்சிருக்குமே?"

நெத்தியடி. எனக்கே பையன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"ரெண்டாமவரைக் கடைசியா யார் பார்த்தது?"

"நான்தான். பதினொன்னு இருபதுக்கு டிரில் முடிஞ்சுது. அஞ்சு நிமிஷத்துல இங்க வந்து நின்னுக்கிட்டே ஒரு டீ குடிச்சார். அப்புறம் கீழே இறங்கினார். பாவம்."

"டிரில் சமயத்துல?"

"கதவெல்லாம் சரியா சாத்தியிருக்கான்னு அவர் மட்டும் தனியா சுத்திக்கிட்டிருப்பார். மத்தவங்க அவங்கவங்க இடத்துல நிப்பாங்க, தலை எண்ணுவாங்க. என் ஆளுங்க நாலு பேர்கூட மேல தண்ணிக் குழாய் பிடிக்கப் போயிட்டு, சுருட்டி வெச்சிட்டு முக்காலுக்குத்தான் வந்தாங்க."

"நீங்க?"

"அடுப்பு எரியும்போது சமையல்காரனுக்கு மட்டும் விலக்கு மேடம். அடுப்பை யார் பார்த்துக்கிறது?"

"பட்டாணி சூப் வைக்கிறது கஷ்டமோ? எங்க வீட்ல நான் வெச்சா கல்லு மாதிரி இருக்கும்."

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை. அண்டாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"உப்பை முதல்லயே போட்டிருப்பீங்க. பட்டாணி வேகாது. கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் உப்பு. அதுவரைக்கும் கரண்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினா அடிபிடிக்கும். இருபது வருஷ சர்வீஸ்ல என் பானை ஒரு நாளும் அடிபிடிச்சதில்ல."

மேடம் அலமாரியைக் காட்டினாள். கைக்கு அடக்கமான எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. "இதெல்லாம் என்ன?"

"சாம்பிள் டப்பா. ஆக்கினதுல ஒரு கரண்டி கம்பவுண்டருக்குப் போயிடணும். யாருக்காவது வயித்தைக் கலக்கினா பரிசோதனை பண்ண. ஆபீசர் ருசி பார்க்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிடுவேன். கைப்பழக்கம் மேடம், தூக்கத்துலகூட என் கை அதைச் செய்யும்."

கிளம்பும்போது அண்டா சொன்னார்: "சீக்கிரம் முடிச்சு விடுங்க மேடம். காவலுக்கு நிக்கிறானே, அவன் என் கூடப்பிறந்த தம்பி. கொலைகாரன் பக்கத்துல நிக்கிறான்னு நினைச்சாலே எனக்குப் பதறுது."

*

கம்பவுண்டர் ஒல்லியான ஆள். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றுக்கும் மூடி. பார்த்தாலே விதிமுறைப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர் என்று தெரிந்தது.

"நேத்து மதியச் சாம்பிள் வேணும்" என்றாள் மேடம்.

குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பாக, உறைந்த தக்காளி சூப்.

பையன் பொய் சொல்லியிருக்கிறான். மணி பதினொன்று. படகு பாதி தூரம் வந்திருக்கும்.

"இது எத்தனை மணிக்கு வந்தது?" என்றாள் மேடம், அசராமல்.

"சீட்டுல இருக்கு. பதினொன்னு ஐம்பத்தஞ்சு. இது ரெண்டாவது."

"ரெண்டாவதா?"

"முதல் டப்பா பதினொன்னு இருபத்தஞ்சுக்கே ஜன்னல்ல இருந்தது. நேரம் போட்டு உள்ள வெச்சேன். அப்புறம் அண்டாவே இதைக் கொண்டுவந்து, 'அதைக் கொட்டிட்டு இதை வெச்சுக்குங்க'ன்னார்."

"கொட்டிட்டீங்களா?"

கம்பவுண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாம்பிளை நாற்பத்தெட்டு மணி நேரம் வெச்சிருக்கணும்னு விதி. யார் சொன்னாலும் கொட்ட மாட்டேன்."

அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். பேனா குத்தும் என்று விட்டுவிட்டேன். பின்னாலிருந்து இன்னொரு டப்பா வந்தது. திறந்ததும் குப்பென்று கருகல் வாசனை. பச்சையாக, நடுவில் கறுப்புத் துணுக்குகளோடு, பட்டாணி சூப்!

"மேடம், ஜெயிச்சிட்டோம்!"

"இன்னும் இல்லய்யா. கருகின வாசனை தாழ்வாரம் வரைக்கும் வந்திருக்கும், அதை மோந்துட்டு சொல்றான்னு அண்டா மாத்திப் பேசுவார். பையன் ரெண்டு விஷயம் சொன்னான். அடிபிடிச்சிருக்கு, உப்பு இல்ல. கருகலை மூக்கு கண்டுபிடிச்சிடும். உப்பை?"

"நாக்குதான்."

"என் வயிறு இருக்கிற நிலைமையில எலுமிச்சம்பழமே தங்கல. கேரியர், சாப்பிடு."

"இதையா? நேத்தைய கருகின சூப்பையா? எனக்குக் குடும்பம் இருக்கு மேடம்!"

"ஒருத்தன் கழுத்துல கயிறு இருக்கு. சாப்பிடுய்யா."

சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்திருக்கிறேன், கரண்டிக்குப் பயந்தது அன்றைக்குத்தான். ஒரு வாய் வைத்தேன். கருகல், மண், கசப்பு. ஒரு கல் உப்பு இல்லை.

"நம்ம அக்கவுண்டன்ட் பேச்சு மாதிரி இருக்கு மேடம். உப்பே இல்ல."

மேடம் கம்பவுண்டரைப் பார்த்தாள். "காவல்காரனோட காதுக்கு என்ன ஆச்சு?"

"கதவு இடிச்சதுன்னான். ஆனா அது அறை வாங்கிக் கிழிஞ்ச காது. இனிமே அந்தக் காது கேட்காது. நேத்துக் காலையில அவன் அண்ணன்கிட்டயும் சொன்னேன், கூடப்பிறந்தவராச்சேன்னு. அந்த மாதிரி அறையறவர் இந்தக் கப்பல்ல ஒருத்தர்தான்."

*

சரியாகப் பதினொன்றரைக்குக் கைதியைச் சமையல்கட்டுக்கு வரவழைத்தாள் மேடம். முன்னால் விலங்கோடு சின்னவர், பின்னால் தம்பிக்காரன். அண்டாவின் ஆட்கள் நால்வரையும் வெளியே அனுப்பியாயிற்று. மேஜை மேல் மேடம் இரண்டு டப்பாக்களையும் வைத்தாள். பச்சை டப்பாவைப் பார்த்ததும் அண்டாவின் கரண்டி நின்றுவிட்டது.

"கரண்டியை நிறுத்தாதீங்க, அடிபிடிக்கும்" என்றாள் மேடம். "இருபது வருஷமா அடிபிடிக்காத பானை நேத்து ஏன் பிடிச்சது அண்டா? உப்பு போட வேண்டிய அஞ்சு நிமிஷத்துல ஏன் உப்பு விழல? டிரில் மணி அடிச்சதும் எல்லாரும் மேல போயிட்டாங்க, தலை எண்ணினதுல இந்தப் பையனும் இருந்தான். கதவைப் பார்க்க ரெண்டாமவர் கீழே தனியா இறங்கினார். நீங்க அடுப்பை விட்டுட்டுப் பின்னாடியே போனீங்க."

"இது..."

"திரும்பி வந்தப்ப சூப் கருகிடுச்சு. இறைச்சி வெட்டற ஏப்ரன்ல ரத்தம் இருந்தா இந்தக் கப்பல்ல யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. மண்டைக்குள்ள என்ன ஓடுச்சோ, கை மட்டும் பழக்கப்படி சாம்பிள் டப்பாவை ரொப்பி அனுப்பிடுச்சு. அப்புறம் இந்தப் பையன் வந்தான், ருசி பார்த்தான். சூப் கருகினது வெளியே தெரிஞ்சா நீங்க அடுப்புப் பக்கத்துல இல்லைங்கிறது தெரிஞ்சிடும். செத்துக் கிடந்தவருக்குப் பயப்படற மாதிரி அவன்கிட்ட கும்பிட்டீங்க. அவன் இரக்கப்பட்டான். டிரில் முடிஞ்சும் ரெண்டாமவர் உயிரோட டீ குடிச்சார், பையன் இங்க வரவே இல்லைன்னு சொல்லி, அந்த இரக்கத்தையே அவன் கழுத்துல சுருக்கா மாட்டிட்டீங்க."

அடுத்த கணம் என் முழங்கை மேல் தீ விழுந்தது. கொதிக்கிற சூப்பைக் கரண்டியோடு வீசியிருந்தார் அண்டா. தோல் உரிவது தெரிந்தது. நான் கத்தியது எனக்கே கேட்டது. மேடத்தை ஒரு தள்ளு. அலமாரியில் மோதி டப்பாக்களோடு சரிந்தாள். எழுவதற்குள் அண்டா சின்னவரின் விலங்குச் சங்கிலியைப் பிடித்து இழுத்து, அவன் நெற்றியை மேஜையில் ஓங்கி அறைந்தார். நங்கென்ற சத்தம். இன்னொரு தடவை. மேஜை விளிம்பில் ரத்தம் வழிந்தது. வலது கையில் இறைச்சிக் கத்தி ஏறி, பையனின் பிடரியில் உட்கார்ந்தது.

"ஆமா, நான்தான்! என் தம்பி காதைக் கிழிச்சான், நான் மண்டையைப் பிளந்தேன். ஏழு தடவை! அதுக்கு நான் சாகணுமா? இவன் யாரு எனக்கு? நேத்து வந்த ஆபீசர்! எவனோ ஒருத்தன்!"

"அண்ணே!"

தம்பிக்காரன் கத்தினதில் கப்பலே அதிர்ந்த மாதிரி இருந்தது.

"எவனோ இல்லண்ணே! எனக்கு விழுந்த அடியைப் பார்த்த ஒரே ஆளு இவரு. பத்து மணிக்கு, பக்கத்துல நின்ன எனக்கும் அவருக்கும் மட்டும் கேக்கற மாதிரி, 'ஒரு மாலுமியோட காதைக் கிழிச்சிருக்கீங்க, நான் கேப்டனுக்கு எழுதப் போறேன்'னு நேருக்கு நேரா சொன்னாரு. அதுக்குத்தான் அறை வாங்கினாரு. எனக்காகண்ணே! அந்த ஆத்திரத்துல இவரே கொன்னுட்டாருன்னு நான் நினைச்சேன். வாயைத் திறந்தா இவருக்குக் காரணம் கூடிடும்னு ராத்திரி பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். நீ... நீயா?"

அண்டாவின் முகத்தில் எதுவோ அறுந்தது. ஆனால் கை இறங்கவில்லை. கத்தி தோலைக் கீறி, ஒரு சிவப்புக் கோடு பையனின் காலருக்குள் ஓடியது. தம்பிக்காரன் யோசிக்கவில்லை. பாய்ந்து, கத்தியின் கூர்ப்பக்கத்தையே வெறுங்கையால் பிடித்தான். அண்டா இழுத்தார். உள்ளங்கை திறந்துகொண்டது. ரத்தம் அவன் மணிக்கட்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக அண்ணன் கை மேலேயே விழுந்தது. அப்போதும் அவன் விடவில்லை.

யார் ரத்தம் என்று பார்த்ததும் அண்டாவின் விரல்கள் தானாகத் திறந்தன. கத்தி தரையில் விழுந்தது. அத்தனை பெரிய உடம்பு அடுப்படியில் சரிந்து உட்கார்ந்து, தம்பியின் கையை ஏப்ரனால் பொத்திக்கொண்டு, குழந்தை மாதிரி வாய் விட்டு அழுதது. எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

தம்பிக்காரன் நல்ல கையால் சாவியை எடுத்து விலங்கை அவிழ்த்தான். மேடம் எழுந்து, தரையில் உருண்ட எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்துக்கொண்டாள். பிறகு ஆணியில் தொங்கிய ருசி ரிஜிஸ்டரைக் கழற்றிப் பையன் முன்னால் போட்டாள்.

"நேத்தைய பக்கம். நிஜமா என்ன சாப்பிட்டியோ அதை எழுது."

சின்னவர் பேனாவை வாங்கினான். 'உணவு நன்று' என்ற வரியைப் பார்த்தான். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. எழுதவில்லை. எழுதினால் கயிறு யார் கழுத்துக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். அத்தனை அடி வாங்கியும் அந்த முட்டாள் பையன் அண்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே படகின் ஹாரன் கேட்டது.

"எழுதுங்க சின்னவரே" என்றார் அண்டா, தம்பியின் கையை விடாமல். "நேத்து எனக்காக எழுதாம விட்டீங்க. போதும். எழுதுங்க."

பையன் பழைய வரியை அடித்தான். கீழே நிதானமாக எழுதினான்: 'பட்டாணி சூப். அடிபிடித்திருந்தது. உப்பு இல்லை.' கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேற்று ருசி பார்த்த நேரத்தையும் குறித்தான். பதினொன்று முப்பது.